முன்னால் போன முதுகு

இது நடந்தது. எனக்கே நடந்தது. படித்துவிட்டு, "பாவம், அந்தம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது" என்று உச்சுக்கொட்ட நினைப்பவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடுங்கள். என் நாத்தனார் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் சொல்லாமல் சொன்னார். இனிப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் வாயில் ஒரு மயிரிழை உறுத்தினாலும் என்னிடம்தான் திரும்பி வரும். இருப்பதை இருக்கிறபடி பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இல்லாததைப் பார்க்கிற கண் என்னுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரே பைத்தியம். மலை ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்பது. புழு மாட்டிப் பிடிப்பதில்லை. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சியைப் போலவே கட்ட வேண்டும். அது பறந்து வந்து தண்ணீரில் உட்கார்வதுபோல் வீச வேண்டும். மீன் ஏமாந்தால் பிடிபடும். ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று என் கணவர் கேலி செய்வார். கேலி செய்துகொண்டே அவரும் கற்றுக்கொண்டார். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் என்னை மறந்துவிடுவார்கள். அப்படி ஒரு ஒட்டு.

அந்த ஆற்றுக்கு மேலே ஓர் அணை இருக்கிறது. தினமும் சாயங்காலம் மின்சாரத்துக்காக மதகைத் திறப்பார்கள். மீன்பிடிக்கும் சீசனில் மட்டும், ஆற்றில் யாரும் இல்லை என்று கீழே இருக்கும் காவல் குடிசையிலிருந்து போன் போன பிறகுதான் திறப்பு. யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்? குடிசையில் ஒரு பச்சைப் பலகை. அதில் ஆணிகள். ஆற்றில் இறங்குமுன் ஆளுக்கு எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையை ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். பலகை காலி என்றால் ஆறும் காலி. அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் வசந்தத்தில், சீசனின் முதல் நாள், என் அண்ணன் ஆற்றில் இருந்தான். பலகை காலியாக இருந்தது.

அவனுடைய வில்லை என் கணவரின் சட்டைப்பையில் இருந்தது.

"நான் எடுக்கல," என்றார் அவர். "என் பாக்கெட்ல எப்படி வந்துச்சுன்னு தெரியல."

குடிசைக் காவலர் பார்த்திருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாற்காலி. எதற்கும் எழுந்திருக்க மாட்டார். என் கணவர் உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி இரண்டு வில்லைகளையும் எடுத்துக்கொண்டு போனதாக விசாரணையில் சொன்னார். "மச்சான் மாப்பிள்ளைதானேன்னு நானும் ஒண்ணும் கேக்கல சார்."

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒருவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், மெயின் சுவிட்சில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று தன் அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக்கூடாது. இருபது வருடம் இந்த விதியில் வாழ்ந்த மனுஷன் என் அண்ணனின் வில்லையைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறார். கேட்டால் தெரியாதாம்.

எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வருடம் அவரோடு நான் பேசியதெல்லாம், "சிலிண்டர் தீர்ந்துடுச்சு", "கதவைச் சாத்துங்க", இவ்வளவுதான். அவர் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு எனக்கு முன்னாடி ஒருத்தன் போனாம்மா. அவன் பின்னாடிதான் நான் வந்தேன்."

"யாரு?"

"முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது."

"யார் காதுல பூ சுத்துறீங்க? வர்ற சீசன் முதல் நாள் நானும் வரேன். எந்த இடத்துல பாத்தீங்கன்னு காட்டுங்க."

அவர் முகம் வெளுத்தது. பொய் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்று என்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

போனோம். மதியம் 3:10-க்குக் குடிசை. அதே தகரக் கூரை, அதே பச்சைப் பலகை. அதற்குமேல் புதிதாக ஒன்று எழுதியிருந்தார்கள்: 'அவரவர் வில்லை, அவரவர் கையால்.' ஓர் உயிர் போனதற்கு அரை டப்பா பெயின்ட் செலவு செய்திருந்தார்கள். நாற்காலி உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டினார். அன்று வேறு யாரும் வரவில்லை. முந்தின வருட விஷயம் எல்லோருக்கும் தெரியும். என்னுடையது பதினொன்று. அவருடையது பன்னிரண்டு. பக்கத்துப் பக்கத்து ஆணியில் மாட்டினோம்.

அவர் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். அவர் கழுத்திலும் ஒன்று தொங்கியது.

"நீ வெளிய வந்ததும் நீளமா ஒண்ணு ஊது. அதைக் கேட்டப்புறம்தான் நான் வெளிய வருவேன்."

"எதுக்கு இந்த வேஷம்?"

"ஊதும்மா. மறக்காம ஊது."

கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் மேல் வளைவுக்குப் போனார், என் அண்ணன் கடைசியாக நின்ற இடத்துக்கே. அங்கே அக்கரையில் செங்குத்துப் பாறை. அதன் அடியில் நின்றுதான் வீச முடியும். வெளியே வர ஆற்றை முழங்காலளவு தண்ணீரில் குறுக்கே கடந்து இக்கரைக்கு வர வேண்டும். ஐந்து நிமிடமாவது ஆகும். சைரன் கேட்டு ஓடினால் தப்பலாமே என்று சொல்பவர்கள் அந்த வளைவைப் பார்த்ததில்லை. சைரனுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு நிமிடம்தான்.

நான் கீழ் மடுவில் இறங்கினேன். பனி உருகிய தண்ணீர். ரப்பர் உடையைத் தாண்டிக் காலில் குளிர் ஏறியது. அந்த உடை மார்பு வரை வரும். பழசு. அண்ணன் இறப்பதற்கு முந்தைய சீசனில் இடது கெண்டைக்காலில் கிழிந்துவிட்டது. சைக்கிள் டியூபில் சிவப்பாக ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தேன். கடைவாய்ப்பல் வடிவத்தில், இரண்டு வேரோடு. அண்ணனைச் சிரிக்க வைக்கச் செய்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஓர் ஒட்டு இருக்காது.

5:50-க்குப் பூச்சிகள் எழும்பின. வசந்தத்தில் இருட்டுவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருப்போம். தண்ணீரெங்கும் வட்டம் வட்டமாக மீன்கள் மேலே வந்தன. என்னால் ஒன்றையும் ஒழுங்காக வீச முடியவில்லை. கோபத்தோடு வீசினால் நூல் நேராக விழாது. இரண்டு முறை என் தொப்பியிலேயே முள் மாட்டியது.

6:12. கரையில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

நடைபாதையில் ஒருவர் குடிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ரப்பர் உடை. தலைக்குமேல் இழுத்துவிட்ட குல்லாய். தோளில் தூண்டில். முதுகு மட்டும் தெரிந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... என்னை விட்டுவிட்டுப் போகிறார்! என் அண்ணனை விட்டுவிட்டுப் போன மாதிரியே! விசில் ஊது, நீ வந்தப்புறம்தான் நான் வருவேன் என்று வசனம் பேசிவிட்டு, அதே பாதையில், அதே நாளில்! பல்லைக் கடித்துக்கொண்டு கரையேறினேன். விசில் ஞாபகத்திலேயே இல்லை. ஆள்தான் கண்ணெதிரே போகிறாரே, யாருக்கு ஊத?

"நில்லுங்க!"

நிற்கவில்லை.

"உங்களைத்தான்! காது கேக்கலையா?"

திரும்பவில்லை. வேகமாக நடந்தேன். என் உடைக்குள் புகுந்திருந்த தண்ணீர் சளக் சளக் என்றது. முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டவில்லை. ஆனாலும் இடைவெளி குறைய நேரம் பிடித்தது.

பாதை முழுக்கக் கல். ஆற்றிலிருந்து வருகிறவர் மிதித்த கல் ஈரமாக இருக்கும். குனிந்து பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த கற்கள் காய்ந்திருந்தன.

ஈரம் என் காலடியில் மட்டும்தான்.

ஒரு கிளை பாதையின் குறுக்கே தாழ்ந்திருந்தது. தோளில் இருந்த தூண்டில் அதைக் கடந்து போனது. ஓர் இலைகூட அசையவில்லை. நான் கடந்தபோது கிளை என் முகத்தில் அறைந்தது.

அப்போதும் எனக்குக் கோபம்தான். பயம் வரவில்லை. "இன்னிக்கு உங்களை விடப்போறதில்ல" என்று வாய்விட்டே சொன்னேன்.

6:21.

ஃபீ... ... ...

நீளமாக ஒரு விசில்.

என் பின்னாலிருந்து. மேல் வளைவிலிருந்து.

நின்றேன்.

அது அவருடைய விசில். நான் ஊதாததால், எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். அவர் இன்னும் ஆற்றில்தான் இருக்கிறார்.

அப்படியானால்... முன்னால் போவது?

அதுவும் நின்றுவிட்டது. பத்தடி தூரத்தில். தலையைக் கொஞ்சம் சாய்த்து, விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் கண் தானாகக் கீழே போனது.

இடது கெண்டைக்கால்.

சிவப்பாக... கடைவாய்ப்பல்... இரண்டு வேர்.

ஃபீ... ... ...

மறுபடியும் பின்னாலிருந்து. கொஞ்சம் அவசரமாக.

நான் பதில் ஊத வேண்டும். ஊதினால் அவர் வெளியே வந்துவிடுவார். விசிலை எடுத்து உதட்டில் வைத்தேன். ஊதினால் இது திரும்பும். அது எனக்குத் தெரிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். திரும்பினால் எந்த முகம் இருக்கும் என்றும் தெரிந்தது.

ஊதவில்லை.

அது மறுபடி நடக்கத் தொடங்கியது. திருப்பத்தில் மறைந்தது.

நான் நின்றேன்.

ஃபீ...

நின்றேன்.

ஃபீ...

6:29-க்குத்தான் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் என் கணவர் நாற்பது முறையாவது ஊதியிருப்பார். நான் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு மரம்போல் நின்றேன். காவலர்மேல் கோபப்படுகிறேன், அணைக்காரர்கள்மேல் கோபப்படுகிறேன், எல்லாம் சரிதான். இந்த எட்டு நிமிடத்துக்கு நான் யாரைத் திட்ட?

கால் வந்ததும் ஆற்றுப் பக்கம் ஓடவில்லை. குடிசையைப் பார்த்து ஓடினேன். போனை நிறுத்த வேண்டும் என்றுதான் தோன்றியது.

6:33. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?"

பலகையைப் பார்த்தேன். காலி.

"என் வில்லை எங்க? அவரோடது எங்க?"

"நீங்கதானே இப்ப வந்து ரெண்டையும் எடுத்துட்டுப் போனீங்க!"

"நான் வரல!"

"என்னம்மா விளையாடுறீங்க. ஆறரைக்கு மூணு நிமிஷம் இருக்கும். தலையைக் குனிஞ்சுட்டே வந்தீங்க. புருஷன் பொண்டாட்டிதானேன்னு நானும் ஒண்ணும் கேக்கல."

"போன் பண்ணிட்டீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் முதல் முறையாக அவர் நாற்காலியிலிருந்து எழுந்ததைப் பார்த்தேன்.

சைரன் ஆரம்பித்தது.

அவர் போனைச் சுழற்றினார். ஏழு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். மதகு திறந்தாயிற்று, மூட வேண்டுமானால் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார்கள். நான் வாசலுக்கு வந்து ஊதினேன். இப்போது ஊதினேன்! மூச்சு முட்ட, தொண்டை கிழிய ஊதினேன். சைரன் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

6:35-க்குச் சைரன் நின்றது.

தூரத்தில், மேல் வளைவில், ஃபீ என்று ஒன்று தொடங்கியது. பாதியில் நின்றது.

அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான்.

மறுநாள் காலை 9:40-க்கு, மூன்று கிலோமீட்டர் கீழே கிடைத்தார். விசிலைப் பல்லில் கடித்தபடியே. பிறகு அதை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கில் பல் பதிந்திருந்தது. இடது கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருக்கும் அவருக்கு. ஊரார் பல்லையெல்லாம் அச்செடுக்கிற எனக்கு, என் வீட்டுப் பல்லின் அச்சு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

வில்லைகள்? அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரிதான். அன்று ராத்திரி காவல் நிலையத்தின் ஓர் அறையில், நாத்தனார்தான் என் ரப்பர் உடையைக் கழற்ற உதவினாள். உடைக்குள்ளே, மார்புப் பக்கம், ஜிப் போட்ட பை ஒன்று உண்டு. அதற்குள் கையை விட வேண்டுமானால் தோள்பட்டை வாரைக் கழற்ற வேண்டும். அன்று மதியத்திலிருந்து நான் அந்த வாரைத் தொடவே இல்லை. அவள் ஜிப்பைத் திறந்தாள்.

பதினொன்று. பன்னிரண்டு. இரண்டும் ஈரமாக.

"என்ன அண்ணி இது?"

என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

"நான் எடுக்கல. எப்படி வந்துச்சுன்னு தெரியல."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. ஒரு வருடம் முழுக்க அதே பார்வையை நான் இன்னொருவர்மேல் வைத்திருந்தேன்.

நாற்பத்தோரு நாள் கழித்து, அவர் வேலை செய்த கம்பெனியிலிருந்து கருவிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்பேனர், டெஸ்டர், கிரீஸ் படிந்த ஒரு நோட்டு. எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், என்ன பழுது என்று தேதி வாரியாக எழுதி வைப்பார். அலட்சியமாகத்தான் புரட்டினேன். என் அண்ணன் போனதற்கு மறுநாள் தேதியில் ஒரு பக்கம். அவர் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான் என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று கோபத்தில் பின்னாலேயே போனேன். அது மச்சான் இல்லை. வலது கெண்டைக்காலில் வெள்ளி டேப், பெருக்கல் குறி மாதிரி. என் உடையில் நான் ஒட்டியது. பின்னால் ஆற்றில் மச்சான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் கொடுத்திருந்தால் வெளியே வந்திருப்பார். கொடுத்தால் அது திரும்பிவிடும் என்று பயம். எட்டு நிமிடம் நின்றேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?"

அதன் கீழே, அடுத்த வருடத் தேதி. நாங்கள் கிளம்பியதற்கு முந்தின நாள்.

"போக வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். விசில் வாங்கிவிட்டேன். அவள் ஊதும்வரை நான் தண்ணீரிலேயே நிற்பேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினேன். அவள் வாங்கிப் படித்தாள். நோட்டை மூடி மேஜைமேல் வீசினாள்.

"என் அண்ணன் செத்தப்புறமும் அவர் கையெழுத்துலயே எழுதி அவர் மேலயே பழியைப் போடுறீங்களா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"இல்லம்மா... நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"ஒண்ணும் கேக்க வேணாம் அண்ணி. வர்ற சீசன் முதல் நாள் நானும் வரேன். எந்த இடத்துல பாத்தீங்கன்னு காட்டுங்க."

சீசன் திறக்க இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நேற்று அவள் புது ரப்பர் உடை வாங்கி வந்துவிட்டாள். நான் வரமாட்டேன் என்றேன். அப்படியானால் தனியாகவே போகிறேன் என்றாள். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீ போகாதே, அங்கே யாருடைய முதுகைப் பார்த்தாலும் பின்னால் போகாதே என்றேன்.

கையை உதறினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.